வாடைக்காற்றுக்கும் காசு கேட்கும் இறங்குதுறை அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஐயா, அம்மணி அவர்களுக்கு,

வன்னிக் கரையில் எங்கள் இறங்குதுறையின் கட்டணப் பிரச்சினை உங்களுக்குப் புதிதல்ல. எங்கள் சங்கத்தின் கடிதங்கள் உங்கள் கோப்பில் இருக்கின்றன. "பரிசீலனையில் உள்ளது" என்ற உங்கள் பதில் எங்கள் கோப்பில் இருக்கிறது. ஆகவே பழங்கதையை விட்டுவிட்டுப் போன கிழமை நடந்ததற்கு வருகிறேன்.

வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால், தொழிலுக்குப் போகவேண்டாம் என்று வளிமண்டலவியல் திணைக்களம் அறிவிக்கிறது. நாங்களும் படகுகளைத் துறைக்குள் கட்டிவிட்டுக் காத்திருக்கிறோம். அந்த நாட்களுக்கும் தரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது. போகாதே என்பதும் அரசாங்கம், போகாமல் நின்றதற்குக் காசு கேட்பதும் அரசாங்கம்.

எங்கள் ஊரில் ஒரு அக்கா இருக்கிறார். கணவர் இல்லை. இருப்பது ஒரேயொரு பைபர் படகு, அதில் கூலிக்கு ஆட்களை அனுப்பித் தொழில் செய்கிறார். "படகைக் கரைக்கு இழுத்து வைத்திருக்கலாமே" என்று உங்கள் உத்தியோகத்தர் கேட்டாராம். எங்கே இழுப்பது? துறைக்குப் பக்கத்துக் கரையைக் கடல் அரித்துவிட்டது. அதற்கு அங்கால் கொண்டுபோக உழவு இயந்திரம் பிடிக்கவேண்டும், அதற்கும் வாடகை. அதனால் உள்ளேயே கட்டினார். காற்று அடங்கிய அன்று விடியமுன்னமே ஆட்கள் ஐஸ் பெட்டியோடு வந்து நிற்க, நிலுவை கட்டாமல் கயிற்றை அவிழ்க்க முடியாது என்று காவலாளி சொல்லிவிட்டார். காசாளர் வருவது எட்டரைக்கு! கடல் அடங்கிய முதல் நாள் மீனுக்கு என்ன விலை போகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. மற்றப் படகுகள் போய்விட்டன. அக்கா மீன் வியாபாரியிடம் முற்பணம் வாங்கிவந்து கட்டினார். தொகை பெரிதல்ல என்பீர்கள், உண்மைதான். ஆனால் முற்பணம் வாங்கியவர் அது தீரும்வரை வியாபாரி சொல்லும் விலைக்கே மீனைக் கொடுக்கவேண்டும். அந்த நட்டம் உங்கள் பற்றுச்சீட்டில் எழுதப்படுவதில்லை.

அதே கிழமை வெளியிலிருந்து வந்த பெரிய படகொன்று நாட்கணக்கில் நின்றுவிட்டு ஒரு சதமும் கட்டாமல் போனது. கேட்டால், "மேலிடத்திலிருந்து விலக்கு வந்தது" என்கிறார்கள். எந்த மேலிடம், என்ன காரணம், கடிதம் எங்கே? பதில் இல்லை. விலக்குக் கொடுத்ததே பிழை என்று நான் சொல்லவரவில்லை. அவர்களுக்கும் ஏதாவது இக்கட்டு இருந்திருக்கலாம். இருந்தால் அதைச் சொல்லலாம்தானே?

நாங்கள் கேட்பது இதுதான்: கட்டணப் பட்டியலைத் தமிழில் எழுதி வாசலில் மாட்டுங்கள். யார், எந்தக் காரணத்துக்காக விலக்குக் கொடுக்கலாம் என்பதையும் அதன்கீழ் எழுதுங்கள். கொடுத்த விலக்குகளையும் எழுதுங்கள்.

இது நடக்காத காரியமல்ல. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இடையிலான காங்கேசன்துறை – நாகபட்டினம் பயணிகள் கப்பலைப் பாருங்கள். அந்தச் சேவை நிலைக்கவேண்டும் என்பதற்காக, நாகபட்டினம் துறைமுகக் கட்டணங்களுக்கும் செலவுகளுக்கும் மாதம் 2.5 கோடி ரூபாவுக்கு மேல் ஓராண்டுக்குத் தருவதாக இந்தியா பகிரங்கமாக அறிவித்தது. இலங்கையும் கப்பலில் புறப்படும் பயணிகளுக்கான வரியைக் குறைத்தது. யார் கொடுக்கிறார்கள், எவ்வளவு, எதற்காக என்று பேப்பர் படிக்கிற எவருக்கும் தெரியும். 2020 கொரோனா ஊரடங்கில் கொழும்புத் துறைமுகத்தில் தேங்கிய கொள்கலன்களுக்கும் தாமதக் கட்டணத்தில் சலுகை கிடைத்தது. ஊரடங்கில் கொள்கலன் நகரமுடியாது என்று புரிந்தவர்களுக்கு, வாடையில் படகு ஓடமுடியாது என்பது மட்டும் ஏன் புரியவில்லை?

எங்களுக்குச் சலுகை என்றாலே திறைசேரி காலியாகிவிடும் போலிருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஒரே இரவில் எங்கள் படகு இயந்திரங்களுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்குப் போனபோது யாரும் எங்களிடம் "பரிசீலனையில் உள்ளது" என்று சொல்லவில்லை. ஏற்றுவதற்கு ஒரு இரவு போதும். இறக்குவதற்குத்தான் குழு, உபகுழு, அறிக்கை எல்லாம். இந்திய இழுவைப் படகுகள் அறுத்துக்கொண்டுபோன வலைக்கு எவரிடம் கட்டணம் கேட்பது என்பது வேறு கதை. அதை இங்கே இழுத்தால் மடல் முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டப்படி இதையெல்லாம் எழுதிக் கேட்டு வாங்கலாம் என்று சங்கத்துத் தம்பி ஒருவர் சொல்கிறார். தேவைப்பட்டால் அதையும் செய்வோம். ஆனால் விடியக்காலையில் கயிறு அவிழ்க்க நிற்கிற ஒருத்தி, தான் எவ்வளவு கட்டவேண்டும் என்று அறிய விண்ணப்பம் எழுதவேண்டுமா?

தயவுசெய்து, அடுத்த வாடைக்கு முன்னர் பட்டியலை மாட்டுங்கள். கடலுக்குப் போகவேண்டாம் என்று திணைக்களம் அறிவிக்கும் நாட்களுக்குத் தரிப்புக் கட்டணம் இல்லை என்பதை, எவருடைய தொலைபேசி அழைப்பும் தேவைப்படாத விதியாக அதில் எழுதுங்கள். விலக்குக் கொடுத்த விபரம் பெரிய படகானாலும் சின்னப் படகானாலும் அதே பலகையில் வரட்டும். இதுபற்றிக் கதைக்க விரும்பினால் துறைக்கே வாருங்கள், சங்கக் கட்டடத்தில் கதிரைகள் இருக்கின்றன. காலை பத்து மணிக்குப் பிறகு வந்தால் நல்லது. அதற்கு முன் எல்லோரும் வலையில் மீன் கழற்றிக்கொண்டிருப்போம்.

இப்படிக்கு,
கடற்றொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவர்