திருவொற்றியூர் பிஸ்டனும் ரெடிச் புல்லட்டும்

ரெடிச்,
பிப்ரவரி கடைசி வாரம்

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. கட்டு அவிழ்த்த அன்றே பேப்பரைக் கையில் எடுத்துவிட்டார் என்று எழுதியிருந்தாய். அவர் அப்படித்தான், சொன்னால் கேட்கிற ஆளா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பையன் மான்செஸ்டரில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். வீட்டில் இரண்டே பேர், அதனால் பின்பக்க ஷெட் முழுக்க இப்போது என் ராஜ்யம். சாந்தி அந்தப் பக்கம் வருவதையே விட்டுவிட்டாள்.

"ரேஸ் ஓட்டுற வயசாடா இது?" என்று கேட்டிருந்தாய். போட்டோவை மட்டும் அனுப்பிவிட்டு விவரம் எழுதாமல் விட்டால் நீ வேறு என்ன நினைப்பாய்? நான் பழைய புல்லட்டை எடுத்துக்கொண்டு போவது ரேஸுக்கு இல்லை, டிரையல்ஸ் என்ற போட்டிக்கு. அதில் வேகமாகப் போகிறவனுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. காட்டுக்குள் ஓடை, பாறை, மரவேர், சேறு என்று வில்லங்கமான இடமாகப் பார்த்து, இரண்டு பக்கமும் அடையாளம் நட்டு வழி விட்டிருப்பார்கள். அதுதான் செக்ஷன். காலை ஊன்றாமல் அதைக் கடந்தால் பூஜ்யம். பூஜ்யம் வாங்குகிறவன்தான் அங்கே கெட்டிக்காரன். ஒரு தடவை ஊன்றினால் ஒன்று, இரண்டு தடவைக்கு இரண்டு, அதற்கு மேல் எத்தனை ஊன்றினாலும் மூன்று. வண்டி நின்றுபோனாலோ விழுந்தாலோ ஐந்து. மழையில் நனைந்துகொண்டே ஒரு பெரியவர் அட்டையில் மார்க் போடுவார். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர்கள் சர்வசாதாரணமாக ஓட்டுகிறார்கள். ஆகவே வயசைப் பற்றிப் பேசாதே.

புல்லட் என்றால் நமக்கு ஞாபகம் வருவது போலீஸ்காரரும் பட்டாளத்துக்காரரும்தான். ஆனால் அந்த வண்டி வெளியுலகத்துக்கு முதன்முதலில் முகம் காட்டியதே சேற்றில். 1948 பிப்ரவரியில், கோல்மோர் கோப்பை டிரையலுக்கு இங்கே ரெடிச்சில் இருந்த ராயல் என்ஃபீல்டு தொழிற்சாலை புது மாடலைக் கொண்டுபோய் இறக்கியது. பின்சக்கரத்துக்கு ஸ்விங் ஆர்ம், பக்கத்துக்கு ஒரு ஷாக். அந்தக் காலத்து டிரையல்ஸ்காரர்கள் பின்னால் ஸ்பிரிங்கே இல்லாத விறைத்த ஃபிரேம்தான் மண்ணை நன்றாகப் பிடிக்கும் என்று நம்பியவர்கள். இதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியிருப்பார்கள். அதே வருஷம் இத்தாலியில் சான் ரெமோவில் நடந்த ஆறு நாள் சர்வதேசப் போட்டியில் விக் பிரிட்டன் புல்லட்டில் தங்கப் பதக்கம் வாங்கினார். அவர் மகன் ஜானி பிரிட்டன் 350 புல்லட்டில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸ் டிரையலை 1952இலும் 1957இலும் ஜெயித்தார். அவர் வண்டி நம்பர் எச்.என்.பி. 331; இங்கே பழைய ஆட்களிடம் அந்த நம்பரைச் சொன்னால் போதும், பேச்சு நிற்காது. 1956இல் திருவொற்றியூர் தொழிற்சாலையில் உன் அப்பா மாதிரி ஆட்கள் பூட்ட ஆரம்பித்தது இந்தச் சேற்று வண்டியின் உடன்பிறப்பைத்தான். அவரிடம் இதைச் சொல்லிப் பார், என்ன சொல்கிறார் என்று எழுது.

என்னுடையது 1953 மாடல், ரோடு வண்டி. ஹியர்ஃபோர்டு பக்கம் ஒரு பண்ணைக் கொட்டகையில் கிடந்தது. உங்கள் ஊர் புல்லட்டின் ஹெட்லைட் மேல் இரண்டு சின்னக் கண் விளக்கு இருக்குமே, அது அடுத்த வருஷத்து மாடலில் வந்தது, இதில் கிடையாது. டேங்க் ஓட்டை, மட்கார்டு துரு, பிஸ்டன் ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கிடந்தது. என்ஜினைப் பிரித்ததும் முதலில் பார்த்தது பிக் எண்டைத்தான், கனெக்டிங் ராடு கிராங்கில் மாட்டும் மூட்டை. அதே மிதக்கும் புஷ், நீ என் மேஜையில் பிரித்துக் காட்டினாயே, அதே சங்கதி. அந்தப் புஷ்ஷுக்கு எண்ணெய் நிறைய வேண்டும், புல்லட் பம்ப்போ கஞ்சப் பிசுநாறி. டிரையல்ஸில் என்ஜின் மெதுவாகச் சுற்றிக்கொண்டே பாரம் இழுக்கும். அதனால் அதிக எண்ணெய் தள்ளும் பம்ப் ஒன்றை வாங்கிப் போட்டேன். இதில் மட்டும் சிக்கனம் பார்க்கவில்லை.

சிலிண்டரை போரிங் போட்டு, நாற்பது ஓவர் சைஸ் பிஸ்டன் போட்டிருக்கிறேன். டப்பாவைத் திருப்பினால் இந்தியத் தயாரிப்பு! ரெடிச் தொழிற்சாலை 1967இல் மூடியாகிவிட்டது. நான் கடைக்குப் போகிற வழியில் இருக்கும் தொழிற்பேட்டையில் என்ஃபீல்டு என்ற பெயர் மட்டும் மிச்சம். 70க்கு 90 அளவை விடாமல் பிடித்துக்கொண்டு உங்கள் ஊரில் இத்தனை காலம் செய்துகொண்டே இருந்ததால்தான் இங்கே இத்தனை பழைய புல்லட் ஓடுகிறது. இதை இங்கிருக்கும் சிலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். மூடியை மாட்டியபின் எந்த ஊர் பிஸ்டன் என்று அவர்களால் சொல்ல முடியட்டும், பார்க்கலாம்.

நீ லேத் ஆள், உனக்கு ஒரு விஷயம் விவரமாக எழுத வேண்டும். ரோடு வண்டியின் கியர் டிரையல்ஸுக்கு ரொம்ப உயரம். முதல் கியரில் ஆள் நடக்கிற வேகத்துக்கு வண்டி வர வேண்டும். அதற்குப் பின்னால் பெரிய பல்சக்கரம் தேவை. மற்ற வண்டியில் நாலு போல்ட்டைக் கழற்றினால் மாற்றிவிடலாம். புல்லட்டில்தான் உனக்கே தெரியுமே, பிரேக் டிரம்மும் பல்சக்கரமும் ஒரே வார்ப்பு. அதனால் டிரம்மை லேத்தில் நாலு ஜா சக்கில் பிடித்து, டயல் வைத்து உள்வட்டத்தை மையப்படுத்தி, 38 பல்லையும் சீவி எறிந்தேன். வார்ப்பிரும்பு, சுருள் சுருளாக வராமல் கறுப்பு மாவாக உதிர்கிற ரகம். மூக்கைச் சிந்தினால் இரண்டு நாளைக்கு அதே கறுப்பு. சீவிய இடத்தில் ஒரு படி விட்டு, தனியாக வெட்டி வைத்திருந்த 46 பல் ஸ்டீல் வளையத்தை அதில் இறுக்கமாக உட்காரவைத்து, சுற்றிலும் போல்ட் அடித்து, நட்டுகளை ஒயரால் கட்டினேன். பாரம் முழுவதும் அந்தப் படியில்தான், போல்ட்டில் இல்லை. கியர்பாக்ஸ் பக்கமும் இரண்டு பல் குறைத்தாயிற்று. டயலை வைத்துச் சுற்றிப் பார்த்தபோது முள் ஆடவே இல்லை. பக்கத்தில் யாரும் இல்லையே என்று வருத்தமாக இருந்தது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முன்சக்கரத்துக்கு 21 அங்குல ரிம், பின்னால் 19இல் தடித்த டிரையல்ஸ் டயர். காற்று ஐந்து பவுண்டுதான். அழுத்தினால் கட்டைவிரல் உள்ளே போகும். அவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மில் வழுக்காமல் இருக்க உள்ளே பூட்டு உண்டு. ஃபுட்ரெஸ்டைப் பின்னுக்குத் தள்ளி வைத்தேன், ஓட்டுவது முழுக்க நின்றபடிதானே. சைலன்சரை மேலே தூக்கிக் கட்டியாயிற்று. மேக்னெட்டோவும் டைனமோவும் சேர்ந்த மேக்டைனோவில் டைனமோவைக் கழற்றிவிட்டு ஓட்டையை மூடிவிட்டேன்; விளக்கே இல்லாத வண்டிக்கு அந்தக் கனம் எதற்கு? புல்லட்டில் எண்ணெய் டேங்க் கிராங்க் கேஸோடு சேர்ந்த வார்ப்பு என்பதால் அடியில் ஒரு கல் பட்டால் கதை முடிந்தது. அதற்குக் கனமான அலுமினியத் தகடு ஒன்று வளைத்து மாட்டியிருக்கிறேன்.

ஃப்ளைவீலைத் தொடவில்லை, காம்பிரஷனையும் தொடவில்லை. பழைய ஆறரைக்கு ஒன்றுதான். இந்த வண்டியின் உயிரே அந்தக் கனமான ஃப்ளைவீலில்தான் இருக்கிறது. ஆட்டுக்கல் சுழற்சி மாதிரி, ஒருமுறை சுற்ற ஆரம்பித்தால் லேசில் நிற்காது. ஈரப் பாறையில் திராட்டிலை மூடிவிட்டு, தீப்பொறி டைமிங்கைக் கைப்பிடி லீவரால் பின்னுக்கு இழுத்துவிட்டால், ஒவ்வொரு அடியாக எண்ணலாம். சக்கரம் வழுக்காமல் ஏறும். இளம் பிள்ளைகளின் லேசான வண்டிகள் அதே இடத்தில் விர்ரென்று சுற்றி மண்ணை வாரி இறைக்கும்.

இங்கே ஒரு நண்பர், நல்ல மனுஷன், நல்ல ரைடரும்கூட, ஷெட்டுக்கு வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "இந்த ஃபிரேமைத் தூக்கிப் போடு, புது மெல்லிய குழாயில் செய்து தருகிறேன், இருபது கிலோ குறையும்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. 1965க்கு முந்தைய வண்டிகளுக்கென்று இங்கே தனிப் போட்டிகள் உண்டு. ஏன் 1965 என்றால், அந்த வருஷம் சாமி மில்லர் ஸ்பெயின் நாட்டு புல்டாகோவில் ஸ்காட்டிஷ் சிக்ஸ் டேஸை ஜெயித்தார். இங்கிலாந்து வண்டிகள் மட்டுமே ஜெயித்து வந்த போட்டியில் முதல் வெளிநாட்டு வண்டி அதுதான். அந்தச் சின்ன டூ-ஸ்ட்ரோக் நூறு கிலோகூட இல்லை. கனமான ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் காலம் அத்தோடு சரி. அந்த வருஷத்துக்கு முந்தைய வண்டிகளைக் காப்பாற்றத்தான் இந்தப் போட்டிகள். இப்போது போய்ப் பார்த்தால், சில வண்டிகளில் 1965க்கு முந்தையது எது என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கிறது. ஃபிரேம் புதுசு, ஹப் புதுசு, ஃபோர்க்குக்குள் இருப்பது புதுசு, மேக்னெட்டோ ஓட்டுக்குள் எலெக்ட்ரானிக் இக்னிஷன். பார்க்க அழகு, ஓட்ட சுகம். ஆனால் என்ஜின் கேஸையும் பதிவுக் காகிதத்தையும் எடுத்துவிட்டால் பழசு என்று மிச்சம் என்ன இருக்கிறது? அப்படிச் செய்வதற்கு ஒரு புது வண்டியையே வாங்கிவிடலாமே, மலிவாகவும் முடியும்.

நான் எனக்கென்று ஒரு கணக்கு வைத்துக்கொண்டிருக்கிறேன். 1964இல் ரெடிச்சில் ஒரு லேத்தும் வெல்டிங் பிளான்ட்டும் வைத்திருந்த தொழிலாளி ஞாயிற்றுக்கிழமை போட்டிக்காகத் தன் வண்டிக்கு என்ன செய்திருப்பானோ அதையெல்லாம் செய்யலாம். அதற்கு மேல் வேண்டாம். பல்சக்கர வளையம் அவன் செய்திருப்பான். அலுமினியத் தகடு அவன் செய்திருப்பான், தொழிற்சாலையிலிருந்தே 'தள்ளிக்கொண்டு' வந்தும் இருப்பான்! டைட்டானியம் அவனுக்குக் கிடைத்திருக்காது. டயர், ஆயில் சீல், அந்த பம்ப் மூன்றுக்கும் மட்டும் எனக்கு நானே விலக்குக் கொடுத்துக்கொண்டேன். எண்ணெய் ஒழுகும் வண்டியைக் காட்டு ஓடையில் இறக்குவது அயோக்கியத்தனம்.

போன ஞாயிறு முதல்முறையாகப் போட்டிக்குக் கொண்டுபோனேன். மேடு ஏறுவதில் யாருக்கும் சளைக்கவில்லை. திரும்புவதில்தான் தகராறு. இரண்டு மரத்துக்கு நடுவே மடக்கித் திரும்ப வேண்டிய இடத்தில் புல்டாகோக்காரன் சைக்கிள் மாதிரி திரும்பிப் போய்விடுகிறான், எனக்கு இந்த நீள வண்டியோடு கால் ஊன்றாமல் முடியவில்லை. ஃபோர்க்கைக் கொஞ்சம் மேலே இழுத்துப் பிடித்துப் பார்க்கலாம் என்று இருக்கிறேன். ஃபிரேமை வெட்டச் சொன்ன நண்பர் கடைசி செக்ஷன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மாலையில் வந்து கார்புரேட்டர் ஜெட் சைஸ் என்ன என்று கேட்டுக்கொண்டு போனார்.

இப்போது உனக்கு வேலை. ஜி.பி. ரோடு பக்கம் போகும்போது, இல்லாவிட்டால் புதுப்பேட்டையில் உன் பழைய சிநேகிதரிடம், பழைய 350 மாடலுக்குப் பின்சக்கர குஷ் ரப்பர் ஒரு செட், கிளட்ச் கேபிள் இரண்டு, வால்வ் கைடு ஒரு ஜோடி பார்த்து வை. ரப்பரை நகத்தால் கிள்ளிப் பார்த்து வாங்கு, பிசுக்கென்று இருந்தால் வேண்டாம். தபாலில் அனுப்பாதே, இங்கே சுங்க வரி கட்டி மாளாது. ஜூலையில் பையன் சென்னை வருகிறான், அவனிடம் கொடுத்தனுப்பு. பணத்தை அவனிடம் கறாராக வாங்கிக்கொள்.

உன் புல்லட்டில் சூடானதும் டிக் டிக்கென்று சத்தம் வருகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்கு என்ஜினைப் பிரிக்காதே. டேப்பட் ஜன்னலைத் திறந்து, என்ஜின் ஆறின பிறகு புஷ்ராடை விரலால் உருட்டிப் பார். மேலும் கீழும் ஆடாமல், லேசாக உருண்டால் சரி. எக்ஸாஸ்ட் பக்கத்தை முதலில் பார். சரியானதா இல்லையா என்று எழுது.

அப்பாவுக்கும் அண்ணிக்கும் என் வணக்கம். சின்னவளுக்கு ஆசீர்வாதம்.

உன்,
செல்வம்