மருத்துவ நிகழ்ச்சித் தயாரிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

'அம்மா கர்ப்பத்தில் சரியாகச் சாப்பிடாததால்தான் உங்களுக்கு சுகர்' என்கிற தொனியில் காலை நிகழ்ச்சிகளில் பேச்சு வருகிறது. கூடவே டிஎன்ஏ மெத்திலேஷன் என்ற பெயரும். பேச வேண்டிய விஷயம்தான். அரைகுறையாகப் பேசுவதுதான் உறுத்துகிறது.

டிஎன்ஏவின் எழுத்துகள் மாறாமலே, அவற்றின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதித் துணுக்கு போய் ஒட்டிக்கொள்வதுதான் மெத்திலேஷன். ஒட்டிய இடத்தைப் பொறுத்து மரபணுவின் வேலை கூடலாம், குறையலாம்.

இதைச் சொல்லும் எல்லோரும் நெதர்லாந்தின் 1944-45 பஞ்சத்துக்குத்தான் போகிறார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின் கடைசிக் குளிர்காலம் அது. பஞ்சத்தின்போது கருவானவர்களுக்கு, அறுபது ஆண்டுகள் கழித்தும் வளர்ச்சியோடு தொடர்புடைய ஐஜிஎஃப்2 (IGF2) என்ற மரபணுவில் மெத்தில் குறைவாக இருந்ததை 2008-இல் கண்டார்கள். ஒப்பிட்டது வயிற்றில் இருந்தபோது பஞ்சம் படாத அவர்களின் உடன்பிறந்தவர்களோடு. வேறு ஒரு ஆய்வு, 1998-இல் வந்தது, அதே பஞ்சத்தில் வயிற்றில் இருந்தவர்களுக்கு நடுவயதில் சர்க்கரை ஏறியதைக் காட்டியது. இரண்டையும் ஒட்டிவைத்தால் கதை அருமையாக அமைந்துவிடும். ஆனால் சர்க்கரை அதிகம் ஏறியது கர்ப்பத்தின் பிற்பகுதியில் பஞ்சம் பட்டவர்களுக்கு. மெத்தில் குறைந்ததோ தொடக்கத்தில் பட்டவர்களுக்கு. பிற்பகுதியில் பட்டவர்களிடம் அந்த வித்தியாசமே தெரியவில்லை. இதை எந்த நிகழ்ச்சியிலும் நான் கேட்டதில்லை.

லண்டன்வாழ் இந்திய வம்சாவளியினரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2015-இல் வந்த ஆய்வு இன்னும் வலுவானது. பின்னால் சர்க்கரை நோய் வந்தவர்களின் ரத்தத்தில், நோய் வருவதற்கு முன்பே ஐந்து மரபணு இடங்களில் மெத்தில் அளவு மாறியிருந்தது. அதில் ஒன்று டிஎக்ஸ்என்ஐபி (TXNIP) என்ற மரபணு. சரி, அதுதான் காரணமா? ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறினாலே இந்த மரபணு கிளர்ந்துவிடும். நோய் என்று பெயர் வைப்பதற்கு முன்னரே குளுக்கோஸ் மெல்ல ஏறத் தொடங்கியிருக்கும். ஆக, அந்த மாற்றம் காரணமாகவும் இருக்கலாம், விளைவாகவும் இருக்கலாம். போதாக்குறைக்கு, பார்த்தது ரத்த அணுக்களை. இன்சுலின் சுரக்கும் கணையத்தின் பீட்டா செல்களில் அதே அடையாளம் இருந்தே தீர வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு திசுவுக்கும் மெத்திலேஷன் வேறு. ரத்தத்தில் மெத்தில் பார்த்து 'உங்களுக்கு சுகர் வரும், வராது' என்று கணிக்கும் பரிசோதனையை யாராவது விற்க வந்தால் இந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள்.

அம்மாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பஞ்சத்தில் கருவுற்றவளிடம் 'ஏன் சாப்பிடவில்லை' என்றா கேட்பது? அப்பாவின் எடை, தூக்கம், வேலை, வீட்டு வருமானம் பற்றியெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் ஒரு வார்த்தை வருவதில்லை.

அந்த நேரத்தில் இதைச் சொல்லலாம். கர்ப்பக்காலத்தில் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்து, 140 மி.கி. (ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில்) அல்லது அதற்கு மேல் வந்து சுகர் என்று சொல்லப்பட்ட பெண்கள், பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி அதே பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போட வரும்போதே செய்துகொள்ளலாம். அதில் சுகர் இல்லை என்று வந்தால், அப்புறம் ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் நிகழ்ச்சிகளை வழக்கமாகப் பார்க்கும் ஒரு நேயர்