பயிற்சி நாட்களை எண்ணி என்ன பயன்?

ஆசிரியருக்கு வணக்கம்.

எண்ணெய் நிறுவனங்களில் ஊழியர் மறுபயிற்சி குறித்த கட்டுரையைப் படித்தேன். ஆண்டுக்கு எத்தனை பயிற்சி நாட்கள் என்பதையே செயல்திறனுக்கு அளவுகோலாகக் கட்டுரையாளர் எடுத்துக்கொண்டிருக்கிறார். சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் பார்த்து ஓய்வுபெற்ற எனக்கு இதில் உடன்பாடில்லை. வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டால் ஒரு நாள் கணக்கில் ஏறிவிடும். இரவு இரண்டு மணிக்கு அலாரம் அடித்தால் எந்த வால்வை முதலில் மூடுவது என்று கையெழுத்துப் போட்டவருக்குத் தெரியுமா என்பதைப் பதிவேடு சொல்லாது.

அமெரிக்காவில் டெக்சஸ் சிட்டியில் பி.பி. எண்ணெய் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலையில் 2005 மார்ச் 23 அன்று வெடிவிபத்தில் 15 பேர் இறந்தனர். 180 பேர் காயமடைந்தனர். பராமரிப்பு முடிந்து ஒரு பிரிவை மீண்டும் ஓடவிட்ட நேரம் அது. எண்ணெயைக் கூறுகளாகப் பிரிக்கும் கோபுரத்தின் அடியில் சில அடி உயரத்துக்கு மட்டும் நிற்க வேண்டிய திரவம் 150 அடியைத் தாண்டி ஏறியது. அளவுமானியோ மட்டம் இறங்குவதாகக் காட்டிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறைப் பேனலில் இருந்த ஆபரேட்டர் பொறுப்பில் மூன்று பிரிவுகள். உள்ளே போவது எவ்வளவு, வெளியேறுவது எவ்வளவு என்று ஒப்பிட்டிருந்தால் விஷயம் பிடிபட்டிருக்கும். ஆனால் அப்படிப்பட்ட நிலைமையைப் பழகிப் பார்க்க அங்கே சிமுலேட்டர், அதாவது ஆலை இயக்கத்தைப் போலவே நடித்துக்காட்டும் பயிற்சிக் கருவி, இல்லை. பயிற்சி பெரும்பாலும் கணினி முன்னால் உட்கார்ந்து முடிந்துவிட்டது. பயிற்சித் துறையில் 28 பேர் இருந்த இடத்தில் 8 பேரே மிஞ்சியிருந்தனர் என்கிறது விசாரணை அறிக்கை. கணக்குப் புத்தகத்தில் அது சிக்கனம் என்றுதான் பதிவாகியிருக்கும்!

2009 அக்டோபரில் ஜெய்ப்பூர் இந்தியன் ஆயில் கிடங்கில் 11 உயிர்கள் போனதும் வால்வுகளை இயக்கும் முறை பிசகியதால்தான். ஒரு மணி நேரத்துக்கு மேல் பெட்ரோல் பீறிட்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்தே வால்வை மூடும் வசதி முன்பே செயலிழந்து கிடந்தது. இதற்கு எந்த வகுப்பும் மருந்தாகாது. ஊழியருக்குப் பயிற்சி போதவில்லை என்று சொல்லி நிர்வாகம் நழுவிவிடவும் கூடாது.

கட்டுரை தொடாத விஷயம் ஒன்று உண்டு. பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் காலத்தில் ஆலைக்குள் பெருமளவில் வேலை செய்பவர்கள் காண்ட்ராக்ட் தொழிலாளர்கள். அவர்களுக்கு வாசலில் ஒரு வீடியோவைக் காட்டி கேட் பாஸ் கொடுத்துவிடுவது பல இடங்களில் வழக்கம். வீடியோ ஒரு மொழியில் ஓடும், பார்ப்பவர் பேசுவது வேறு மொழியாக இருக்கும்.

அடுத்த முறை இதுபற்றி எழுதும்போது நிறுவனங்களிடம் இரண்டு கேள்விகள் கேளுங்கள். ஆலையை நிறுத்துவதையும் தொடங்குவதையும் ஆபரேட்டர்கள் கடைசியாக எப்போது சிமுலேட்டரில் செய்து பார்த்தார்கள்? நீங்கள் காட்டும் பயிற்சி நாட்களில் காண்ட்ராக்ட் தொழிலாளர்களுடையது எத்தனை?

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஷிப்ட் ஆபரேட்டர், சென்னை