வடக்கே திரும்பும் பறவைகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வலசைப் பறவைகள் கட்டுரையை ஆர்வமாகப் படித்தேன். பறவைகள் தெற்கே வருவதைப் பக்கம் பக்கமாகச் சொன்ன கட்டுரையாளர், வசந்தத்தில் அவை திரும்பிப் போவதை ஒரே வரியில் முடித்துவிட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குத் திரும்பும் அந்தப் பயணத்தைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் கப்பல் வேலையில் இருந்த காலத்தில், எண்ணெய் நிரப்ப, ஸ்பெயினின் தென்கோடியை ஒட்டிய ஜிப்ரால்டரில் நங்கூரம் போடுவோம். கரைக்குப் போக அனுமதி கிடைத்தால் மற்றவர்கள் கடைத்தெருவுக்குப் போவார்கள். நான் நகரத்தை ஒட்டி நிற்கும் பாறை மலையில் ஏறிவிடுவேன். உயரம் 426 மீட்டர். காலடியில் மாடிக் கட்டடங்களும் துறைமுகமும், தெற்கே நீருக்கு அப்பால் ஆப்பிரிக்க மலைகள். அந்த ஜலசந்தி, மிகக் குறுகிய இடத்தில் சுமார் 14 கிலோமீட்டர் அகலம்தான்.

அந்தக் குறுகல்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பருந்து, கழுகு, நாரை ஆகியவை விடாமல் சிறகடித்து நெடுந்தூரம் போவதில்லை. வெயிலில் சூடேறிய தரையிலிருந்து எழும் காற்றில் வட்டமிட்டு மேலே ஏறி, பிறகு சிறகை விரித்தபடியே சரிந்து போகும். கடல்மேல் அப்படிக் காற்று எழாது. அதனால் கடலைச் சீக்கிரம் கடக்கக்கூடிய இடமாகப் பார்த்து வந்து குவிகின்றன. இஸ்தான்புல் நகரத்தின் மேலே, போஸ்பரஸ் ஜலசந்தியிலும் இதே கதைதான்.

கட்டுரை தொடவே தொடாத விஷயம் காற்றின் திசை. வசந்தத்தில் மேற்குக் காற்று அடித்தால் பறவைகள் கிழக்கே தள்ளப்பட்டு ஜிப்ரால்டர் பாறைக்கு நேராக வரும். கிழக்குக் காற்று அடித்தாலோ மேற்கே, ஸ்பெயின் கரையிலுள்ள தாரிஃபா பக்கமாகக் கடந்துவிடும். அப்போது பாறை உச்சியில் மேகம் கட்டிக்கொண்டு நிற்கும். அன்றைக்கு மலையேறியவர்கள் “ஒன்றுமே இல்லையே” என்று இறங்கிப் போவதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். பறவை இல்லாமல் இல்லை, அன்று அதன் வழி வேறு.

ஒரு மே மாதக் காலை. எதிர்க்காற்று. எல்லோரும் அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, அலைகளை ஒட்டி ஒரு தேன் பருந்து சிறகடித்து வந்துகொண்டிருந்தது. நாலு சிறகடிப்பு, ஒரு சறுக்கல், மறுபடி நாலு சிறகடிப்பு. பாறையில் கூடு வைத்திருக்கும் கடற்காகங்கள் கூட்டமாக எழுந்து அதன்மேல் பாய்ந்தன. இப்படித் தாக்கப்பட்டுக் கடலில் விழும் பருந்துகளும் உண்டு என்பதால் எனக்கு நெஞ்சு படபடத்தது. செங்குத்துப் பாறையை எட்டியதும், மேலே எழும் காற்று அதற்குக் கிடைத்தது. சிறகடிப்பதை நிறுத்திவிட்டு என் கண்ணுக்கு நேராக ஒரு வட்டம் போட்டது. மஞ்சள் கண்ணும் வால் பட்டைகளும் பைனாகுலர் இல்லாமலே தெரிந்தன. இந்தக் கடைசி நூறு மீட்டரைப் பார்க்காதவர் வலசையைப் பாதிதான் பார்த்தவர் என்பேன்.

இது புதிய காட்சியும் அல்ல. 1756 முதல் 1772 வரை அங்கே பாதிரியாராக இருந்த ஜான் வைட் இதைக் கவனித்து, இங்கிலாந்தில் இருந்த தன் அண்ணனும் இயற்கை ஆய்வாளருமான கில்பர்ட் வைட்டுக்குத் தெரிவித்திருக்கிறார்.

ஆகவே ஒரு வேண்டுகோள். திரும்பும் பயணத்துக்கென்றே தனிக் கட்டுரை வெளியிடுங்கள். செங்கால் நாரையும் கரும்பருந்தும் முந்திக்கொள்வது, குளவிப் புழுக்களை நம்பி வாழும் தேன் பருந்து ஏப்ரல் கடைசி வரை தாமதிப்பது, இனப்பெருக்க அவசரத்தில் இலையுதிர் காலத்தைவிட வேகமாகப் பயணம் முடிவது, எல்லாம் அதில் வரட்டும். எந்தக் காற்றுக்கு எங்கே நிற்க வேண்டும் என்று ஒரு வரைபடமும் போடுங்கள். பிப்ரவரியிலேயே கரும்பருந்துகள் கடக்கத் தொடங்கிவிடும். ஜனவரி இதழில் வந்தால்தான் பயன்படும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்