மக்கா, வண்டிக்கு டிக்கெட் போட்டியா?

ஏல மக்கா,

ஸ்தோத்திரம். ஒன் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். பதிலுக்கு நானும் வாய்ஸ் போடலாம்னுதான் பாத்தேன், ஆனா பக்கத்து வீட்டுல சடங்கு, ஸ்பீக்கர் கெட்டி போட்டு தள்ளுதானுவ, நான் பேசுனா எனக்கே கேக்காது, அதான் டைப் பண்ணுதேன். நீ ஷிப்ட் முடிச்சு சாப்பிட்டுட்டு நிதானமா வாசி.

ஊர்ல மழ இன்னும் தொடங்கல. பதனி சீசன் எப்பமோ முடிஞ்சுட்டு, உடன்குடி கருப்பட்டி வெல கேட்டா தல சுத்துது, ஏறுததுக்கு ஆளு இல்லல்லா பின்ன எப்படி கொறையும். ஒங்கப்பா நல்லா இருக்காவ. போன ஞாயிறு ஆராதன முடிஞ்சு காணிக்கையா வந்த பொருள ஏலம் விட்டதுல நாலு நாட்டுக்கோழி முட்டைய நூத்தம்பது ரூவாய்க்கு எடுத்தாவ, வேணும்னே ஒங்க சித்தப்பா கூட போட்டி போட்டு ஏத்தி விட்டாவ, வெளிய வந்து பாத்தா ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு சிரிச்சுக்கிட்டு இருக்காவ. ஒங்கம்மாவுக்கு முட்டு வலிதான், படி ஏற முடியல, மத்தபடி கொறையில்ல. நீ அனுப்புன தைலம் வந்துட்டாம்.

நான் நம்ம சபையில நடத்துத வாலிபர் கூட்டத்துக்கு இப்ப எத்தன பேர் வாராங்கன்னு கேட்டிருந்தல்லா. இதே கேள்விய பக்கத்து சபைகள சேத்து நடத்துத சேகர கமிட்டியிலயும் கேக்காவ, ஆனா நீ கேட்டது வேற மாதிரி, அதனால ஒனக்கு உண்மைய சொல்லுதேன். ரெண்டு கை விரலே மிச்சம். பரீட்ச நேரம்னா ஒரு கை போதும். ரிஜிஸ்டர்ல பேர் நெறைய இருக்கு, ஆளுதான் ஊர்ல இல்ல. பிளஸ் டூ முடிச்ச ஜூன்ல ஒரு செட்டு கெளம்பிரும், கோயம்புத்தூர் காலேஜ், சென்னை, திருப்பூர், ஒங்க ஓசூர். மிச்சம் இருக்குதது பள்ளிக்கூடத்து பிள்ளைய, அதுகளுக்கு ஞாயித்துக்கெழம காலையிலதான் நீட் கோச்சிங். அம்மா அப்பாவே நம்மகிட்ட வந்து "இந்த ஒரு வருஷம் மட்டும் பிரதர், அப்புறம் தவறாம வருவான்"னு சொல்லுதாவ, அன்னைக்கு சாயங்காலமே ஜெப விண்ணப்பப் பெட்டியில அவன் பேருல சீட்டு எழுதிப் போட்டுட்டுப் போறாவ. எனக்கு இதுல கோவம் கெடையாது. பனையேறுன தாத்தாவுக்கு பேரன் டாக்டர் ஆவணும்னு ஆச இருக்கத்தான செய்யும்.

அப்ப நீ என்னல வேல பாக்கன்னு கேப்ப. ராத்திரி பத்து மணிக்கு மேலதான் என் வேலையே. காலைல வாட்ஸப் குரூப்ல வசனம் போட்ட படம் அனுப்புதேன், ஒருத்தனும் வாசிக்க மாட்டான், கைய கும்பிட்ட ஸ்டிக்கர் மட்டும் வரிசையா வரும். ஆனா தனியா "சாப்பிட்டியாடே"ன்னு ஒரு வரி போட்டா உடனே கால் வரும். ரூம் வாடக, மேனேஜர் திட்டுனது, கூட இருக்கவன் காச வாங்கிட்டு தரல, ஒரு பிள்ளைய பிடிச்சிருக்கு ஆனா வேற ஆட்கள், வீட்டுல சொன்னா கொன்னுருவாவ, இதெல்லாம் கேட்டு கேட்டு கடைசில போன வைக்கப் போற நேரத்துலதான் அசலு கேள்வி வரும். போன மாசம் ஒருத்தன் கேட்டான், அண்ணே வாரம் பூரா நைட் ஷிப்ட் பாத்துட்டு ஞாயித்துக்கெழம சர்ச்சுக்குப் போவாம தூங்கிட்டா பாவமாண்ணேன்னு. நான் பைபிள்ல உள்ள எலியா தீர்க்கதரிசி கதைய சொன்னேன். மனுசன் சாவணும்னு சொல்லிட்டு சூரைச்செடிக்கு கீழ படுத்துட்டான், தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணல, தட்டி எழுப்பி சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், தின்னுட்டு திரும்பவும் படுத்துட்டான், ரெண்டாவது தடவையும் அதேதான், அதுக்கப்புறந்தான் நடக்கச் சொன்னது. நீ மொதல்ல தூங்கு, எந்திச்சு பக்கத்துல சாயங்கால ஆராதன எங்க உண்டுன்னு பாருன்னு சொன்னேன். பய அழுதுட்டாம்ல. தூங்கலாம்னு ஒருத்தன் சொன்னதுக்கு அழுகை வருதுன்னா அந்த கம்பெனி அவன என்ன பாடு படுத்துது பாரு.

சென்னையில இருக்க ரெண்டு பேர் பெரிய சபை ஒண்ணுக்குப் போறானுவ, லைட்டு, டிரம்ஸ், ஸ்கிரீன்ல பாட்டு எல்லாம் உண்டு. அத கேட்டு கமிட்டியில பெரிய சத்தம், நம்ம பாமாலைப் பாட்டெல்லாம் என்னாச்சு, ஞானஸ்நானம் எடுத்தது எங்க, நற்கருணைக்கு முன்னால திடப்படுத்தல் எடுத்தது எங்கன்னு. எனக்கும் கொஞ்சம் வருத்தம் இருக்கத்தான் செய்யுது, கீர்த்தனைய ராகத்தோட பாடுத கடைசி செட்டு நம்மதானோன்னு தோணும். ஆனா அந்த ஊர்ல ஒருத்தன் ஞாயித்துக்கெழம தானா எந்திச்சு பஸ் ஏறி ஒரு சபைக்குப் போறான்னா எனக்கு அதுவே பெருசு.

இப்ப பைபிள்ல பவுல் அப்போஸ்தலன் எழுதுன நிருபங்கள, அதான் கடிதங்கள, மறுபடி ஒண்ணொண்ணா வாசிச்சுக்கிட்டு வாரேன். அந்த ஆளு தன் பிள்ளைய பக்கத்துல இல்லாமதான் பாதி ஊழியத்த செஞ்சிருக்காரு. தெசலோனிக்கே பட்டணத்துல இருக்கவங்களுக்கு ஒங்க முகத்த பாக்கணும்னு ஆசையா இருக்குன்னு எழுதுதாரு, வர முடியல, தன் சிஷ்யன் திமோத்தேயுவ அனுப்பி விடுதாரு. திமோத்தேயுவுக்கு எழுதுனது இன்னும் அருமை. "உன் இளமையைக் குறித்து"ன்னு தொடங்குத வசனத்தத்தான் நம்ம எல்லா வாலிபர் பேனர்லயும் போடுதோம், ஆனா அதே நிருபத்துல பின்னால வயித்துக்கு ஆவல, வெறும் தண்ணி மட்டும் குடிக்காத, கொஞ்சம் திராட்சரசமும் குடின்னு சொல்லுத எடம் ஒண்ணு இருக்கு, அத எவனும் பேனர்ல போட மாட்டான், போட்டா கமிட்டி நம்மள உண்டு இல்லன்னு ஆக்கிரும். ரெண்டாவது நிருபத்துல பாரு, ஜெயில்ல இருந்துக்கிட்டு, துரோவா பட்டணத்துல கார்ப்புங்குத ஆளு வீட்டுல விட்ட மேலங்கிய எடுத்துட்டு வா, புஸ்தகத்த எடுத்துட்டு வா, மாரிகாலத்துக்கு முன்னால வந்து சேருன்னு எழுதுதாரு. சாவு பக்கத்துல நிக்குன்னு தெரிஞ்ச மனுசன் குளிருக்கு போத்த துணி கேக்காரு. எனக்கு உபதேசப் பகுதிகளவிட இப்ப இந்த வரிகதான் அதிகமா ஒட்டுது. வயசாவுது போல.

2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கும்லா. காயல்பட்டினத்துல ஒரே நாள்ல தொண்ணூறு சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சது, 17ம் தேதி ராத்திரி கெளம்புன செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்துல நின்னு போச்சு, கிட்டத்தட்ட எண்ணூறு பேர், புதுக்குடி ஜனங்கதான் வெள்ளத்துக்குள்ள இருந்துக்கிட்டே அவங்களுக்கு பொங்கி போட்டாங்க. நம்ம ஊர்ல கரண்டும் இல்ல டவரும் இல்ல. ரெண்டு நாள் கழிச்சு சிக்னல் வந்தப்ப பாத்தா நம்ம குரூப்ல மெசேஜ் கொட்டி கெடக்கு, கூட்டத்துக்கே வராத பயலுவ, எந்த ரோடு அறுந்துருக்கு, எந்த வீட்டு பாட்டி தனியா இருக்கு, யாருக்கு சுகர் மாத்திர வேணும்னு அங்க இருந்தே லிஸ்ட் போட்டு வச்சிருக்கானுவ. கோயம்புத்தூர் செட்டு ஒரு வண்டி நெறைய அரிசியும் பாயும் ஏத்தி விட்டுட்டானுவ. அன்னைக்கு அட்டெண்டன்ஸ் எடுத்திருந்தா ரிஜிஸ்டர் நெறஞ்சிருக்கும். கமிட்டியில இத சொன்னேன், "அது வேற இது வேற பிரதர்"ன்னுட்டாவ. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

நம்ம வெள்ளாளன்விளை அசரியா ஐயரு இருக்காருல்லா, 1912ல பிஷப் ஆனாரு, அந்த அங்கிலிக்கன் சபையில மொத இந்திய பிஷப்புன்னு ஸ்கூல்லயே சொல்லிக் குடுத்தாவ. ஆனா அவரு அதுக்கு முன்னால என்ன வேல பாத்தாருன்னு நெறைய பேருக்கு தெரியாது, ஒய்எம்சிஏ செக்ரட்டரி, ரயிலு ரயிலா ஏறி எறங்கி வாலிபர பாக்குத வேல, நம்ம வேலதான் மக்கா. 1910ல எடின்பரோ மிஷனெரி மாநாட்டுல, அப்ப அவருக்கு முப்பத்தஞ்சு வயசு, அத்தன வெள்ளக்கார மிஷனெரிமாரையும் முன்னால வச்சுக்கிட்டு, ஒங்க பொருள தந்தீங்க, சரீரத்தையும் தந்தீங்க, எங்களுக்கு சிநேகிதரைத் தாங்கன்னு கேட்டுட்டாரு. நெறைய பேருக்கு கோவம் வந்திருக்கு. வராதா பின்ன.

இத எதுக்கு சொல்லுதேன்னா, ஒன்கிட்ட ஒரு வேல இருக்கு. நம்ம தெருக்கோடி வீட்டு பய, சபையில ஊழியம் செஞ்ச பழைய உபதேசியார் பேரன், ஒனக்கு ஞாபகம் வரும், லீவுல நடக்குத வேதாகமப் பள்ளி விபிஎஸ்ல நாடகத்துல யோனாவா நடிச்சு மீன் வாய்க்குள்ள இருந்து வெளிய வர மாட்டேன்னு அடம்பிடிச்சவன், அவன் இப்ப ஓசூர்ல செல்போன் பார்ட்ஸ் கம்பெனியில சேந்திருக்கான். மூணு வாரமா போன் எடுத்தா நல்லா இருக்கேண்ணேன்னு மட்டும் சொல்லுதான், வேற பேச்சே இல்ல, வீட்டுக்கும் அதே பதில்தான். எனக்கு அந்த "நல்லா இருக்கேன்" பிடிக்கல. போன்ல என்னால இதுக்கு மேல ஒண்ணும் செய்ய முடியாது, இங்க இருந்து நான் வாரதுக்கு முன்னால நீ பைக்க எடுத்தா அர மணி நேரத்துல போயிருவ. நம்பர் தனியா அனுப்புதேன். சபை, ஜெபம்னு எதையும் எடுக்காத, ஊர்க்காரன்னு சொல்லி கூட்டிட்டுப் போயி பரோட்டா வாங்கிக் குடு, அவனுக்கு சால்னா நெறைய ஊத்தணும். பேசுனா கேளு, பேசலைன்னா மேட்ச் போட்டு பாத்துட்டு வா. அடுத்த வாரமும் போ.

அப்புறம் கிறிஸ்துமசுக்கு டிக்கெட். மைசூர் - தூத்துக்குடி வண்டி ஓசூர்ல நிக்கும்லா, இப்ப 120 நாளெல்லாம் கெடையாது, 60 நாளைக்கு முன்னாலதான் ஓபன் ஆவும், காலைல எட்டு மணிக்கே உக்காந்துரு, அவனுக்கும் சேத்து ரெண்டா போடு, காசு நான் ஜிபே பண்ணுதேன். 23ம் தேதியில இருந்து கிறிஸ்துமஸ் பாட்டு பஜனை, நீ இல்லன்னா மிருதங்கத்த எடுக்க ஆளில்ல, போன வருஷம் ஒரு சின்னப் பயல் அடிச்சான், பாட்டு ஒரு பக்கம் தாளம் ஒரு பக்கம். முதலூர் மஸ்கோத்து அல்வா ரெண்டு கிலோ சொல்லி வச்சிருக்கேன், ஒனக்கு தனியா ஒரு பெட்டி.

பயல பாத்துட்டு வந்து ராத்திரி போன் போடு. எத்தன மணியானாலும் சரி.

கர்த்தர் ஆசீர்வதிப்பாராக,
ஒன் கூட்டாளி