எந்தக் கடிகாரத்தில் எட்டரை மணி?

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சாந்தோம், சென்னை – 4

பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு, தலைமை அலுவலகம், நுங்கம்பாக்கம், சென்னை

நாள்: 19.01.2026

பொருள்: 03.11.2025 அன்று துருக்கியின் குசாதாசி துறைமுகத்திலிருந்து எபேசு என்ற பழைய நகரத்தின் இடிபாடுகளுக்குப் பதிவு செய்த பிரைவேட் டூர் நடக்காதது – முழுப் பணத்தையும் திருப்பித் தரக் கோருதல்

ஐயா,

வணக்கம். இதே விஷயத்தை உங்களுக்கு எழுதுவது இது நான்காவது முறை. முதல் மூன்று மின்னஞ்சலுக்கும் "உங்கள் புகார் பெறப்பட்டது" என்ற ஒரே வரி தானாக வந்து விழுந்தது. மனிதர் யாரும் பதில் எழுதவில்லை. அதனால் இந்த முறை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து கடைசி வரை படியுங்கள்.

வவுச்சரில் என்ன இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை, அச்சடித்தது நீங்கள்தான். எங்கள் 4 பேருக்கு மட்டும் ஒரு வண்டி, எங்களுக்கு மட்டும் ஒரு கைடு. மேல் வாசலில் இறங்கிக் கீழ் வாசல் வரை நடை, சரிவில் அடுக்கடுக்காக இருக்கும் பழைய மாடி வீடுகளுக்குத் தனி டிக்கெட், அப்புறம் அருளப்பர் (யோவான்) பேராலயம், மலை மேல் மாதா வாழ்ந்ததாகச் சொல்லும் மாதா வீடு. 68,000 ரூபாய். கப்பலிலேயே பஸ் டூர் இருந்தது, அதில் போயிருந்தால் இதில் பாதிகூட ஆகியிருக்காது. அம்மாவுக்கு 74 வயது, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. கூட்டத்தோடு ஓட முடியாது, நின்று நிதானமாகப் பார்க்கட்டும் என்றுதான் பிரைவேட் டூர் கேட்டோம். உங்கள் தி.நகர் கிளையில் இதை இரண்டு தடவை சொல்லி, "மேல் வாசலிலிருந்து இறக்கம்தான், அம்மா தாராளமா நடக்கலாம்" என்று அங்கிருந்த பெண் சொன்ன பிறகுதான் பணம் கட்டினேன்.

இப்போது நேர விஷயத்துக்கு வருகிறேன். இதைத்தான் யாரும் காது கொடுத்துக் கேட்கவில்லை.

கிரீஸில் அக்டோபர் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளி வைப்பார்கள். துருக்கியில் 2016-லிருந்து அந்த வழக்கம் கிடையாது, வருடம் முழுக்க ஒரே நேரம். ஆகவே கோடையில் இரண்டு நாட்டிலும் மணி ஒன்றுதான். நவம்பரில் துருக்கி ஒரு மணி நேரம் முன்னே ஓடும். எங்கள் கப்பல் ஏதென்ஸ் பக்கத்துப் பிரேயஸில் கிளம்பியது, துருக்கிக்கு வந்த பிறகும் கிரேக்க நேரத்திலேயே ஓடியது. இது எனக்கே என் மகன் சொல்லித்தான் தெரியும். ஆனால் கப்பல் பயணிகளைக் கரையில் இறக்கி ஊர் காட்டுவதைத் தொழிலாக வைத்திருக்கும் உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன்.

அப்படியும் நான் கேட்டேன். அக்டோபர் 28 அன்று உங்கள் வாட்ஸ்அப் எண்ணுக்கு, "பிக்கப் 8.30 என்று போட்டிருக்கிறீர்களே, அது கப்பல் நேரமா, உள்ளூர் நேரமா?" என்று எழுதினேன். வந்த பதில்: "8.30தான் மேடம், கவலைப்படாதீங்க." அந்தப் பதில் இன்னும் என் கைபேசியில் இருக்கிறது. படம் எடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கப்பலில் தந்த தினசரித் தாளில் எல்லாமே கப்பல் நேரம்தான். அதை நம்பிச் சரியாக எட்டரைக்குத் துறைமுக வாசலில் நின்றோம். உள்ளூரில் அப்போது ஒன்பதரை. கைடு உள்ளூர் நேரம் எட்டரைக்கு வந்து, முக்கால் மணி நேரம் பார்த்துவிட்டு, ஒன்பதே காலுக்குக் கிளம்பிப் போய்விட்டாராம். 15 நிமிடத்தில் தவறிவிட்டோம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு நீங்கள் சொன்னது 8.30, எங்களுக்கும் சொன்னது 8.30. எந்தக் கடிகாரம் என்று நீங்கள் யாருக்குமே சொல்லவில்லை.

பெயர் எழுதிய அட்டைகளோடு எத்தனையோ பேர் நின்றார்கள். ஒவ்வொரு அட்டையாகப் பார்த்துக்கொண்டே நடந்தோம், எங்கள் பெயர் எதிலும் இல்லை. அவசர எண்ணுக்கு 6 முறை அடித்த பிறகு எடுத்தார்கள். சென்னையில் அப்போது மதியம் பன்னிரண்டே முக்கால். எடுத்தவர் ஒரு ஆண், பெயர் கேட்டதற்குச் சொல்லவில்லை. நான் விவரத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் சொன்னது இது: "கப்பல் டைம், கரை டைம் எல்லாம் எங்க தலைவலி இல்ல மேடம். நீங்கதான் முன்னாடியே வந்து நிக்கணும்." சரி, அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அம்மா வெயிலில் நிற்கிறார், நடக்க முடியாதவர், சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள் என்று கெஞ்சினேன். அதற்கு அவர், "நடக்க முடியாதவங்கள எதுக்கு மேடம் இவ்ளோ தூரம் இழுத்துட்டுப் போறீங்க?" என்று கேட்டார்.

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டார்.

ஐயா, அம்மாவை யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. எபேசுக்குப் போக வேண்டும் என்பது அம்மாவின் முப்பது வருட ஆசை. 1986-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் சாந்தோமுக்கு வந்தபோது கூட்டத்தில் நின்று பார்த்தவர் அம்மா. அதே திருத்தந்தை 1979-இல் எபேசு மாதா வீட்டுக்குப் போயிருக்கிறார், அவருக்கு முன்னே 1967-இல் ஆறாம் பவுல் போயிருக்கிறார் என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் சொன்ன நாளிலிருந்து இந்தப் பேச்சுதான். "தோமையார் நம்ம ஊருக்கு வந்தாரு, அருளப்பர் மாதாவோட அந்த ஊருக்குப் போனாரு" என்பார். மாதாவை இறைவனின் தாய் என்று சொல்லலாம் என 431-இல் ஆயர்களின் திருச்சங்கம் கூடி முடிவு செய்ததும் அதே எபேசில்தான். தினமும் ஜெபமாலையில் "சர்வேசுரனுடைய மாதாவே" என்று சொல்கிற ஒருவருக்கு அந்த இடம் என்னவென்று உங்கள் தொலைபேசி ஆளுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதைத் தப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு என்ன உரிமை?

அப்பா இறந்த பிறகு வந்த முதல் கல்லறைத் திருநாளுக்கு மறுநாள்தான் நவம்பர் 3. அப்பாவுக்காக அங்கே ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும், ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வர வேண்டும் என்று வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டிலைக் கழுவிக் காய வைத்துக் கைப்பையில் எடுத்து வந்திருந்தார். அந்தப் பாட்டில் காலியாகவே வீட்டுக்குத் திரும்பி வந்தது.

உள்ளூர் நேரம் பதினொன்றரைக்கு ஒரு வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே 6 பேர், வேறு கப்பலிலிருந்து இறங்கியவர்கள். இதுதான் உங்கள் பிரைவேட் டூரா? வேனில் இருந்த கைடு நல்லவர்தான், ஆனால் அவருக்கு வந்த உத்தரவில் எங்கள் பட்டியலே இல்லை. நேராகக் கீழ் வாசலில் இறக்கிவிட்டார். மேல் வாசலிலிருந்து வந்தால் சரிவில் இறங்கிக்கொண்டே வரலாம். கீழ் வாசலிலிருந்து போனால் எல்லாம் ஏற்றம், திரும்பவும் அதே வழியில் வர வேண்டும். காலுக்கடியில் தேய்ந்து வழுக்கும் பளிங்குக் கல். அம்மா பெரிய அரங்கம் வரை வந்தார். 24,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். பவுலடியாரை எதிர்த்து வெள்ளி வேலைக்காரர்கள் கூச்சல் போட்ட இடம் என்று திருத்தூதர் பணிகள் 19-ஆம் அதிகாரத்தைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறோம். அதற்கு எதிரே ஒரு கல்லில் உட்கார்ந்தவர், "நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்லிவிட்டார். என் கணவர் அவரோடு இருந்தார். நானும் மகனும் மட்டும் செல்சஸ் நூலகம் வரை ஓடினோம்.

அந்த நூலகம் ஒரு மகன் தன் அப்பாவின் நினைவாகக் கட்டியது. அப்பாவின் கல்லறை அதன் அடியிலேயே இருக்கிறது. புறப்படுவதற்கு முன்னாலேயே இதைப் படித்து வைத்திருந்தேன், அந்த இடத்தில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும் என்று. படத்தில் காட்டித்தான் சொல்ல முடிந்தது.

சங்கம் கூடிய மாதா கோவிலின் இடிபாடு கீழ் வாசலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, ஐந்து நிமிடம் கொடுங்கள் என்று கேட்டேன். "பட்டியலில் இல்லை." மாடி வீடுகள்? "அதற்குத் தனி டிக்கெட், உங்களுக்கு வாங்கவில்லை." நான் கட்டிய டிக்கெட் காசு எங்கே போனது? அருளப்பர் பேராலயத்தை வேன் ஜன்னல் வழியாகக் காட்டினார்கள். உலக அதிசயம் ஏழில் ஒன்றாக இருந்த ஆர்த்தமிஸ் கோவிலில் இன்று நிற்பது ஒரே ஒரு தூண், அங்கே 5 நிமிடம் நிறுத்தினார்கள். பிறகு ஒரு தோல் உடுப்புக் கடை. அங்கே மட்டும் 50 நிமிடம். தேநீர் கொடுத்தார்கள், பேஷன் ஷோ காட்டினார்கள், என் கணவருக்கு ஜாக்கெட் போட்டுப் பார்த்தார்கள். மாதா வீட்டுக்கு நேரமில்லை என்றவர்களுக்கு இதற்கு எப்படி நேரம் இருந்தது? எபேசிலிருந்து அந்த மலைக்கு 8 கிலோமீட்டர்கூட இருக்காது. அந்த 50 நிமிடத்தைக் கொடுத்திருந்தால் அம்மா ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்திருப்பார். துறைமுகத்தில் எங்களை இறக்கியபோது கப்பல் ஏற இன்னும் ஒரு மணி நேரம் மிச்சம் இருந்தது. ஏனென்றால் வேன்காரருக்கும் கப்பல் நேரம் எது என்று தெரியாது, பயந்துகொண்டு முன்னாலேயே கொண்டுவந்து விட்டார். அதாவது ஒரே தப்பு காலையிலும் எங்களைக் கெடுத்தது, சாயங்காலமும் கெடுத்தது.

இனி சென்னையில் நடந்தது. தி.நகர் கிளையில், "பதிவு மட்டும்தான் இங்கே, ரீஃபண்ட் நுங்கம்பாக்கம்" என்றார்கள். நுங்கம்பாக்கத்தில், "எந்தக் கிளையில் கட்டினீர்களோ அங்கேதான்" என்றார்கள். இப்படி 3 முறை. டிசம்பர் முதல் வாரம் ஒரு போன் வந்தது: மூத்த பயணியின் கையெழுத்து நேரில் வேண்டும், பாஸ்போர்ட்டோடு அழைத்து வாருங்கள். அந்த மழையில், மெட்ரோ வேலை நடக்கும் லஸ் வழியாக, 1 மணி நேரம் ஆட்டோவில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தேன். உங்கள் லிஃப்ட் ஓடவில்லை. இரண்டு மாடி. படிக்குப் படி நின்று ஏறினார். மேலே போனால், கூப்பிட்டவர் விடுப்பில் இருக்கிறாராம், வேறு யாருக்கும் விவரம் தெரியாதாம். உட்காருங்கள் என்று ஒருவர்கூட அம்மாவைச் சொல்லவில்லை. தண்ணீர் நான்தான் கேட்டு வாங்கிக் கொடுத்தேன். அன்று இரவிலிருந்து ஒரு வாரம் அம்மா படுக்கையில். கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்குக்கூடப் போகவில்லை, எனக்குத் தெரிந்து முதல் முறையாக. எபேசில் நடக்க முடியாதவரை எதற்கு இழுத்துப் போனீர்கள் என்று கேட்டீர்களே, உங்கள் மாடிப்படியில் எதற்கு ஏறச் சொன்னீர்கள்?

அதற்குப் பிறகு "பொங்கல் முடிஞ்சு பேசலாம்" என்றார்கள். பொங்கல் முடிந்த மறுநாள் வந்தது, அடுத்த டூருக்கு 5,000 ரூபாய் கூப்பன். அடுத்த டூரா? அம்மாவை இனி அவ்வளவு தூரம் கூட்டிப்போக முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தக் கூப்பனை நான் ஏற்கவில்லை, ஏற்கவும் மாட்டேன்.

உங்கள் நிறுவனத்தில் நல்லவர்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. விசா வேலையைத் தி.நகர் பெண் அருமையாக முடித்துக் கொடுத்தார், அதற்கு நன்றி. சண்டை போட எனக்கு ஆசை இல்லை, வேலைக்கு லீவு போட்டுத்தான் ஒவ்வொரு முறையும் வருகிறேன்.

நான் கேட்பது: 68,000 ரூபாய் முழுவதும். அதோடு எங்கள் அலைச்சலுக்கும் அம்மாவின் மருத்துவத்துக்கும் மன வேதனைக்கும் சேர்த்து 4 லட்சம். அதிகம் என்று தோன்றலாம். அந்த ஒரு நாளுக்காகத்தான் நாங்கள் அந்தக் கப்பலிலேயே ஏறினோம். அது போனதும் முழுப் பயணமும் வீண்தான், அம்மாவின் வாழ்நாள் ஆசையே வீண்தான்.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சென்னை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு கொடுப்பேன். எனக்கு 2 வருடம் அவகாசம் இருக்கிறது, 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. வவுச்சர், வாட்ஸ்அப் பதில், அழைப்புப் பட்டியல், ஆட்டோ ரசீது வரை எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் ஏற்கெனவே பேசிவிட்டேன். அதற்கு அவசியம் இல்லாமல் நீங்களே முடித்துக் கொடுத்தால் மனதார நன்றி சொல்வேன்.

இன்னும் ஒன்று, இதற்குப் பணம் வேண்டாம். நவம்பர் 3 மதியம் பன்னிரண்டே முக்காலுக்கு அந்த அவசர எண்ணில் பேசியவர் யார் என்று உங்கள் பதிவில் இருக்கும். அவர் என்னிடம் பேச வேண்டியதில்லை. அம்மாவுக்கு போன் செய்து, அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் மன்னிப்புக் கேட்கச் சொல்லுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் என்றால் ஜெபமாலையில் இருப்பார், அதற்கு முன்னால் கூப்பிடட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
சாந்தோம்.

இணைப்பு: வவுச்சர் நகல், பணம் கட்டிய ரசீது, 28.10.2025 வாட்ஸ்அப் பதிலின் படம், மருத்துவச் சீட்டு.