பேய்ப்படத்தின் அமைதியும் அனிமேஷனின் வண்ணமும்: திரையரங்கினருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திரையரங்க உரிமையாளர்களுக்கும் புரொஜெக்டர் அறை ஆபரேட்டர்களுக்கும் வணக்கம்.

"பயமே வரலை", "கலரே எடுக்கலை" என்று படத்தைத் திட்டிக்கொண்டே மக்கள் வெளியே வருகிறார்கள். பல நேரம் குறை படத்தில் இல்லை, ஃபேடரிலும் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) புரொஜெக்டர் லேம்பிலும் இருக்கிறது.

முதலில் சத்தம். ஒலிக்கலவைக் கூடத்தில் ஃபேடரை 7இல் வைத்துத்தான் படத்தைக் கேட்கிறார்கள். அந்த அளவில் திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கர் சேனலும் 85 டெசிபெல் தரும்படி அளந்திருப்பார்கள். அரங்கின் ஒலியைக் கையாளும் டால்பி பிராசசரில் 7இலிருந்து 4க்கு இறக்கினால் 10 டெசிபெல் குறையும். காதுக்கு அது ஏறக்குறையப் பாதிச் சத்தம். அலறல் அப்போதும் கேட்கும். அதற்கு முந்தைய அரை நிமிடம்தான் காணாமல் போகும்: மரப்படி கிரீச்சிடுவது, கதவுக்கு அப்பால் யாரோ மூச்சு விடுவது. ஏசி இரைச்சல் அவ்வளவையும் விழுங்கிவிடும். அந்த அமைதி காதில் ஏறினால்தான் அலறலுக்கு உடம்பு தூக்கிப்போடும்.

ஏன் இறக்குகிறீர்கள் என்பதும் தெரியும். விளம்பரமும் டிரெய்லரும் காதைப் பிளக்கின்றன, யாராவது வந்து புகார் சொல்கிறார்கள், ஃபேடர் 4.5க்குப் போகிறது, இரவுக் காட்சி வரை அங்கேயே கிடக்கிறது. பிளேலிஸ்டில் விளம்பரத்துக்கு ஒரு ஃபேடர் க்யூ (தானாகச் சத்த அளவை மாற்றும் கட்டளை), படம் தொடங்கும் இடத்தில் இன்னொன்று போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. குழந்தைகள் நிறைந்த காட்சிக்கு 6 வைத்தால் குற்றமில்லை. அதற்கும் கீழே வேண்டாம்.

அடுத்தது வெளிச்சம். 2டி படத்துக்குத் திரையின் நடுவில் 14 ஃபுட்லாம்பர்ட், இன்னொரு வெளிச்ச அலகில் சொன்னால் 48 நிட்ஸ், இருக்க வேண்டும். "இருட்டுப் படம்தானே, லேம்ப் மங்கலாக இருந்தால் என்ன" என்று நினைப்பது தவறு. மங்கலான திரையில் முதலில் சாவது நிழல்தான். மூலையில் நிற்கும் உருவம் பின்னணிக் கருப்போடு கலந்துவிடும், பார்வையாளர் வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். அனிமேஷனில் பச்சைக் காடும் நீலக் கடலும் ஒரே சாம்பல் நிறமாகிவிடும். ஆயுள் மணிக்கணக்கு முடிந்த செனான் லேம்பும், புரொஜெக்டர் அறைச் சன்னலில் தூசி படிந்த போர்ட் கண்ணாடியும் வழக்கமான காரணங்கள். 3டி காட்சி முடிந்தும் லென்ஸுக்கு முன்னால் உள்ள 3டி ஃபில்டரை எடுக்காமல் விடுவது இன்னும் மோசம், பாதிக்கு மேல் வெளிச்சம் அதிலேயே போய்விடும். வாரம் ஒருமுறை வெள்ளைத் திரையை ஓடவிட்டு நடுவிலும் நான்கு மூலைகளிலும் மீட்டரால் அளந்து பாருங்கள்.

ஹாலிவுட் படங்களில் இடைவேளை எழுதப்படுவதில்லை, நீங்கள்தான் வெட்டுகிறீர்கள். ஓட்ட நேரத்தைப் பாதியாக வகுத்து வெட்டினால் பேய் வரும் நேரத்தில் பாப்கார்ன் விளக்கு எரியும். வெளியீட்டுக்கு முன்பே படத்தை ஒருமுறை ஓட்டிப் பார்த்து, பதற்றம் அடங்கிக் காட்சி மாறும் இடத்தில் க்யூ வையுங்கள். ஐந்து பத்து நிமிடம் முன்பின் ஆனாலும் பரவாயில்லை.

கடைசியாக ஒன்று. யு/ஏ சான்றிதழ் 2024 முதல் 7+, 13+, 16+ என்று பிரிந்திருக்கிறது. அந்த எண்ணை டிக்கெட் கவுன்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். சிறுபிள்ளைகள் வரும் காலைக் காட்சி அனிமேஷனுக்கு முன்னால் பேய்ப்பட டிரெய்லர் ஓடாதபடி பிளேலிஸ்டை முந்தின இரவே சரிபாருங்கள்.

இப்படிக்கு,
திரையரங்கில் படம் பார்ப்பதை விடாத ரசிகர்கள்